லஸ்கர் தாத்தா விட்டுப்போன பூப்பந்து பேட், ஒரு நோட்டு, ஒரு மூங்கில் கழி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடமுருட்டிக்கரை எழுதியது:

வணக்கம். என் தாத்தா, அம்மாவின் அப்பா, மாசிக் கடைசியில் காலமாகிவிட்டார். எண்பத்தாறு வயது. கருமாதி முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிய பிறகு நானும் அம்மாவும் பரணை ஒழித்தோம். அங்கே கிடைத்த மூன்று பொருள்களைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. அதற்கு முன் அவர் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவையாற்றுக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவில் குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். தாத்தா பொதுப்பணித்துறையில் லஸ்கர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்கி, இந்த வாய்க்காலுக்கு இவ்வளவு தண்ணீர் என்று பிரித்து விட்டு, ராத்திரியில் கரை உடைப்பெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. ஐப்பசி மழையில் அரிக்கேன் விளக்கோடு கரை மேல் நடந்துபோகும் தாத்தாவைத்தான் அம்மாவுக்கு முதலில் ஞாபகம் வருகிறதாம்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும், ஜனவரி 28 மூடும். அந்த ஏழரை மாதமும் தாத்தா ஆற்றுக்குச் சொந்தம். மீதி நாலரை மாதம் பூப்பந்துக்கு. பால் பேட்மிண்டன் என்று பள்ளிக்கூடங்களில் சொல்வார்களே, மஞ்சள் கம்பளிப் பந்தில் ஆடுவது, அதுதான். சம்பா அறுவடை முடிந்து போரடி ஓய்ந்ததும் களத்துமேட்டை ஊராரிடம் கேட்டு வாங்குவார். மேடு பள்ளம் பார்த்து மண் போட்டு, நீர் தெளித்துக் கட்டையால் தட்டி, சாணி மெழுகிக் காயவிடுவார். அப்புறம் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு. இதற்கே ஒரு வாரம் ஆகும். யாரையும் கூப்பிட மாட்டார். வந்து கூடமாட செய்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். கடலோரத்தில் வாங்கிவந்த பழைய மீன் வலையை மடித்துத் தைத்ததுதான் எங்கள் ஊர் வலை.

அவர் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு கோப்பை கூட இல்லை. மாவட்ட அணியில் கூட அவர் பெயர் வந்ததில்லை. ஆனால் 1960-களில் தொடங்கி அவருடைய எண்பதாவது வயது வரை, எங்கள் ஊரில் தை கடைசியில் வலை ஏறியது என்றால் அதற்கு அவர் ஒருவர்தான் காரணம்.

இன்னொன்று. ஜூன் 12 சாயங்காலம், வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாலும், அவரே வலையை அவிழ்த்து மடித்து வைத்துவிடுவார். தண்ணீர் மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். “இன்னும் நாலு நாள் ஆடலாமே தாத்தா” என்று பையன்கள் கெஞ்சுவார்கள். “தண்ணி கெளம்பிடுச்சுடா” என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

சரி, பொருள்களுக்கு வருகிறேன்.

ஒன்று, மரச்சட்டம் போட்ட பேட். நரம்பெல்லாம் தளர்ந்து இரண்டு அறுந்திருக்கிறது. நான்கு முனையிலும் திருகாணி வைத்த ஒரு மரக் கிடுக்கிக்குள் இருக்கிறது.

இரண்டு, நீளவாட்டு நோட்டு. இடப்பக்கம் தண்ணீர்க் கணக்கு, மேட்டூர் திறந்த தேதி, ஷட்டர் ஏற்றிய அளவு. வலப்பக்கம் ஆட்டக் கணக்கு. அதில் 29-21, 18-29, 29-27 என்று வருகிறது. பிந்திய பக்கங்களில் எல்லாம் 35. எதற்காக முதலில் 29?

மூன்றாவதுதான் புரியவே இல்லை. ஏழடி இருக்கும் ஒரு மூங்கில் கழி, அடியில் பித்தளைப் பூண். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கத்தியால் போட்ட இரண்டு வெட்டு, ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு விரல்கடை இருக்கும். அம்மாயி இருந்தவரை அதில்தான் புளி உலுக்குவார். உலுக்கி முடித்ததும் தாத்தா கழியைத் துடைத்து மறுபடி பரணில் வைப்பாராம். புளி உலுக்கும் கழியை யாராவது துடைத்து வைப்பார்களா?

---

ஒரத்தநாட்டான் எழுதியது:

ஆழ்ந்த அனுதாபங்கள் சகோதரி. கழி விஷயத்தில் என் ஊகம்: லஸ்கர் வேலை பார்த்தவர் என்கிறீர்கள், அப்படியென்றால் அது தண்ணீர் ஆழம் பார்க்கும் அளவுக்கழியாக இருக்கலாம். இரண்டு வெட்டும் வாய்க்கால் மட்டத்துக்குப் போட்ட குறியாக இருக்கும்.

எங்கள் தாத்தாவுக்குச் சடுகுடு. நிலா வெளிச்சத்தில் அறுத்த வயலில் ஆடுவார்கள். தாளடி குத்திக் கால் முழுக்க ரத்தக் கோடாக வருவாராம். இப்போது எங்கள் பக்கம் மேட், எல்இடி விளக்கு, டீ-சர்ட் எல்லாம் வந்துவிட்டது. 2014-இல் டிவியில் புரோ கபடி வந்த பிறகு எட்டு வயசுப் பையன் கூட ‘போனஸ்’, ‘சூப்பர் டேக்கிள்’ என்கிறான். கஜா வந்தபோது மைதானத்தைச் சுற்றி இருந்த தென்னை அத்தனையும் சாய்ந்தது. விளக்குக் கம்பமும் போயிற்று. அடுத்த பொங்கலுக்கே பையன்கள் வசூல் பண்ணி மறுபடி நட்டுவிட்டார்கள்.

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். பூப்பந்துக்கு அப்படி ஒரு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருச்சென்னம்பூண்டி இருக்கிறது. அங்கிருந்து போன தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயசைத் தாண்டி 2016-இல் பாட்னா அணிக்குக் கேப்டனாக நின்று கோப்பையை வாங்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஐம்பது வருஷ உழைப்பைக் கபடிக்குப் போட்டிருந்தால் எத்தனை பேர் மேலே வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

---

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். முப்பத்தொரு வருஷம் டெல்டாவில் நான்கு பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பூப்பந்துதான் என் ஆட்டம்.

ஒரத்தநாட்டுத் தம்பிக்கு முதலில். சேரலாதனை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் கபடிக்கு ஆள் சேர்க்க ஊரே இருக்கிறது. பூப்பந்துக்கு ஒரு ஊரில் ஒருத்தர் இருந்தால்தான் உண்டு. அவர் போனால் ஆட்டமும் போயிற்று. அதனால் அந்த ஐம்பது வருஷத்தை வீண் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம், இது தஞ்சாவூரின் சொந்த ஆட்டம். 1856-இல் தஞ்சை அரண்மனையில் அரச குடும்பத்தார் ஆடியது என்றுதான் விளையாட்டுப் புத்தகங்கள் எல்லாம் தொடங்கும். அந்த வருஷத்தைப் பாருங்கள். இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தது 1855. அதோடு அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாடு கையை விட்டுப் போன மறு வருஷம், அரண்மனை முற்றத்தில் கம்பளிப் பந்தை வைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகும். அங்கிருந்து ஊர் ஊராக, ஆந்திரா, கர்நாடகா வரை போனது. 1954-இல் இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1970-இல் ஆந்திராவைச் சேர்ந்த பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக: 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் களம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு, நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு. பந்து 27 முதல் 30 கிராம்தான், எலுமிச்சம்பழத்தை விடச் சற்றுப் பெரியது. தரையில் விழவிடக் கூடாது. இடுப்புக்குக் கீழே இருந்துதான் சர்வீஸ் போடலாம். இறகுப் பந்து போல உயிர் போய் நடுவானில் நிற்காது இது, வந்துகொண்டே இருக்கும். மணிக்கட்டைத் திருப்பினால் சுழலும். பனியில் நனைந்தால் கனத்துவிடும், ஆடிக் காற்றில் ஆடவே முடியாது. உங்கள் தாத்தா தையிலிருந்து வைகாசி வரை ஆடியது மேட்டூர்க் கணக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அவர் காற்றையும் பார்த்திருக்கிறார்.

29 விஷயம் எளிது. முன்பு 29 புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம். பிறகு விதி மாறி 35 ஆனது. மூன்றில் இரண்டு எடுத்தால் வெற்றி. 35-ஐ எழுதத் தொடங்கியிருக்கிறார் என்றால், கோப்பை வாங்காத ஒரு கிராமத்துக் களத்திலும் புதிய விதியைத் தேடிப் பிடித்து ஆடியிருக்கிறார்.

கிடுக்கிக்குப் பெயர் பிரஸ். மரச்சட்டம் ஈரத்தில் கோணிக்கொள்ளும், அதனால் ஆடி முடித்ததும் அதில் வைத்து முறுக்கிவிட வேண்டும். தயவுசெய்து பேட்டைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கழியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பூணிலிருந்து இரண்டு வெட்டு வரைக்கும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள், சென்டிமீட்டரில். அளந்த பிறகு பேசலாம்.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நான் இப்போது கோயம்புத்தூர் வந்துவிட்டேன். கழி ஊரில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லி அளக்கச் சொல்கிறேன்.

ஒரத்தநாட்டான் அண்ணே, தவறாக நினைக்கவில்லை. தாத்தாவுக்குக் கபடியும் பிடிக்கும். பிடிக்காத ஆட்டம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. 2018 ஆசிய விளையாட்டில் ஈரானிடம் அரையிறுதியில் தோற்றபோது இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. 2023-இல் ஹாங்சோவில் அதே ஈரானோடு இறுதி ஆட்டம். நடுவில் புள்ளித் தகராறில் ஆட்டம் நின்றுபோனது ஞாபகம் இருக்கிறதா? அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து வைத்தால் தொடவில்லை. “நடுவர் முடிவு சொல்லட்டும்” என்று டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். 33-29 என்று முடிந்த பிறகுதான் கை கழுவினார்.

---

கமலாலயக்கரை எழுதியது:

தங்கச்சி, எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. “பையன்கள் கெஞ்சுவார்கள்” என்று எழுதியிருக்கிறாய். பெண்பிள்ளைகள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் திருவாரூரில் பள்ளியில் படிக்கும்போது பூப்பந்து ஆடியவள். அப்போது திருவாரூர் தனி மாவட்டம் ஆகவில்லை, 1997-இல்தான் பிரித்தார்கள். எங்கள் காலத்தில் பல பள்ளிகளில் பெண்களுக்கு என்று இருந்ததே பூப்பந்தும் கோகோவும் வளையப்பந்தும்தான். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பயிற்சிக்குப் போவோம். மண்டலப் போட்டிக்குத் தஞ்சாவூர் போனதுதான், வீட்டு ஆள் துணை இல்லாமல் நான் பஸ் ஏறிய முதல் பயணம். நடு இடத்தில் நான்தான் நிற்பேன். முன்னால் விட்டதும் எனக்கு, பின்னால் எட்டாததும் எனக்கு. கால் ஓயாது. அரையிறுதியில் தோற்றோம். தோற்ற ஆட்டம்தான் இன்றும் ஒவ்வொரு பந்தாக ஞாபகம் இருக்கிறது.

பிளஸ் டூ முடிந்ததும் கல்யாணம். பேட்டைப் பள்ளியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது பள்ளிக்கூடத்து பேட். அதற்கப்புறம் பந்தைக் கையால் தொட்டதில்லை.

உன் தாத்தாவைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. உன் அம்மா ஆடினாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

அக்கா, இதை எழுதலாமா வேண்டாமா என்று முதல் பதிவிலேயே யோசித்தேன். நீங்கள் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

இல்லை. அம்மாவையும் சித்தியையும் தாத்தா ஆடவிடவில்லை. ஆடக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லையாம், கூப்பிடவே இல்லை. பந்து வேலிக் கருவைக்குள் போனால் எடுத்துவருவது அம்மாவின் வேலை. முள் கிழித்த தழும்பு இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது. சித்திக்கு இதில் தீராத வருத்தம். ஊரான் வீட்டுப் பையனுக்கெல்லாம் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர், தன் பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று சித்தி கருமாதி அன்றைக்கும் சொல்லி அழுதார். அது நியாயமான அழுகை. தாத்தா மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் சித்தியிடம் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பத்து வயது, கோடை விடுமுறை. அவர் ரிட்டையர் ஆகிவிட்டிருந்தார். அவராகவே பேட்டைக் கையில் கொடுத்து, “பந்தத் தூக்கிப் போடாத, விடு, கையிலேருந்து நழுவ விடு, அப்புறம் வா” என்றார். சர்வீஸ் அவ்வளவுதான். பதினைந்து நாள் அதை மட்டுமே போடவைத்தார். ஒருநாள் அம்மா தண்ணீர்ச் செம்போடு களத்துமேட்டு வரப்பில் வந்து நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அவ கை என்னெ மாதிரி இருக்குல்ல” என்று தாத்தாவிடம் சொன்னார். தாத்தா பதில் சொல்லவில்லை. செம்பை வாங்கிக் குடித்துவிட்டு வெகுநேரம் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

---

அக்கரைச்சீமை எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஊரைப் படித்ததும் சந்தேகம் வந்தது, லஸ்கர் என்றதும் உறுதியாகிவிட்டது. நான் உங்கள் தெற்குத்தெரு. உங்கள் தாத்தாவிடம் பேட் பிடித்தவன். காலமான செய்தியே இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிந்தது. வேலை முடிந்து வந்து அறையில் உட்கார்ந்து படித்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

அவரிடம் மூன்று சட்டம். செருப்போடு கோட்டுக்குள் வரக் கூடாது. சாணி மெழுகிய தரையில் செருப்புக்குறி விழுந்தால் மறுபடி அவர்தான் மெழுக வேண்டும், யார் பண்ணியிருந்தாலும் திட்ட மாட்டார், நம் கண்முன்னாலேயே மெழுகுவார். அது திட்டை விட மோசம். இரண்டாவது, பந்து நம் பேட்டில் பட்டு வெளியே போனால் நாமே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, தெரு பார்த்து அணி பிரிக்கக் கூடாது. தெற்குத்தெருவில் இரண்டு பேர், கீழத்தெருவில் இரண்டு பேர், அந்தத் தெருவில் ஒருவர் என்று அவர்தான் கலந்து பிரிப்பார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். “அந்தத் தெரு” என்று நான் எழுதியது எதை என்றும் தெரியும். ஒரு வருஷம் இதனாலேயே களத்தைக் கொடுக்க மாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். அவர் சண்டை போடவில்லை. தண்ணீர் வற்றிய குடமுருட்டியில் மணலை ஒதுக்கி, வண்டல் தரை பார்த்து வலை கட்டினார். அந்த வருஷம் ஆற்றுக்குள்ளே ஆடினோம். இரண்டு கரையிலும் ஆள் நின்று பார்த்தது. அடுத்த தையில் களத்தை அவர்களே கொடுத்தார்கள்.

வெளியூர் அணி வந்து ஆடும்போது அவரே நடுவராக நின்று எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லித் தோற்றிருக்கிறோம். 29-27 என்று நோட்டில் இருப்பது அந்த ஆட்டமாகவே இருக்கலாம். கடைசிப் பந்து என் பேட்டில்தான் உரசியது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் கையைத் தூக்கிப் புள்ளியை அவர்களுக்குக் கொடுத்தார். அதைப்பற்றிக் கடைசி வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சிங்கப்பூர் கிளம்பிய அன்று பூதலூர் ரயிலடி வரை சைக்கிளில் வந்து வழியனுப்பினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் வராத வருஷங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012-லிருந்து எட்டு வருஷம் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவே இல்லை. அதில் ஒரு வருஷம் லீவில் வந்திருந்தேன். ஆனியிலும் வலை அப்படியே நின்றது. “நல்லதாப் போச்சு, இன்னும் ஆடலாம்” என்று ஒரு பொடியன் சொன்னான். தாத்தா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “வலை நின்னா வயல் காயுதுன்னு அர்த்தம்டா” என்றார். அந்த வருஷம் வலையை அவிழ்க்கவும் இல்லை, ஆட வரவும் இல்லை.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

அண்ணே, ஆற்றுக்குள் ஆடிய கதை எனக்குத் தெரியாது. அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். “ஆமா, அந்த வருஷம் பந்து எடுக்க முள்ளுக்குள்ள போக வேண்டியதில்ல, மணல்ல ஓடுனேன்” என்றார்.

நோட்டில் அந்த வருஷங்கள் சிவப்பு மையில் இருக்கின்றன. 2017 அக்டோபர் 2. 2018 ஜூலை 19. 2019 ஆகஸ்ட் 13. மூன்றுக்கும் நேரே வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. 2020 ஜூன் 12 மட்டும் பச்சை மையில், கீழே இரண்டு கோடு. அந்த வருஷம் ஊரடங்கில் வலை கட்டவே இல்லை, ஆனாலும் அன்று சாயங்காலம் களத்துமேட்டுக்குப் போய்விட்டு வந்தார். எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

---

மாயூரத்தான் எழுதியது:

பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உங்கள் தாத்தா டென்னிஸ் பார்ப்பாரா? என் அப்பாவும் ஏறக்குறைய அதே வயது, அவரும் பூப்பந்துக்காரர். அவருக்கு ராமநாதன் கிருஷ்ணன் என்றால் உயிர். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. முதலில் நீல் பிரேசரிடம், அடுத்து ராட் லேவரிடம் தோற்றார். அப்பா அதைத் தோல்வி என்றே சொல்ல மாட்டார். கிருஷ்ணனிடம் அடி கிடையாது, தடவல்தான், பந்தை அங்கே இங்கே கொண்டுபோய் வைப்பார் என்பார். ஒரு ஆட்டத்தைக் கூட நேரில் பார்த்ததில்லை! டீக்கடையில் மறுநாள் வரும் பேப்பரில் படித்ததை வைத்துக்கொண்டு அப்படி ஓர் ஆட்டத்தை மனசுக்குள் கட்டியிருந்தார்.

எங்கள் ஊரில் பிறந்த ஆனந்த் 1988-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்று கூடத் தெரியாத என் அப்பா, தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். 1986-இல் சேப்பாக்கம் டெஸ்ட் சமனில் முடிந்த நாளில் டிரான்சிஸ்டரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. 348 வேண்டும், 347-இல் மணிந்தர் சிங் அவுட். “இப்படி ஒண்ணு நடக்கும்னு யாருக்குடா தெரியும்” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தார்கள் என்பதை விட, ஆட்டம் நன்றாக இருந்ததா என்று கேட்கும் மனுஷர்கள் அவர்கள். அந்த வரிசையில் இன்னொருவர் போய்விட்டார் என்று படிக்கும்போது என் அப்பா மறுபடி போனது மாதிரி இருக்கிறது.

---

டெல்டாபையன் எழுதியது:

அக்கா, நான் கும்பகோணத்தில் காலேஜ் படிக்கிறேன். இந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததே இல்லை. இப்போது எங்காவது ஆடுகிறார்களா? பேட் கிடைக்குமா?

---

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் எழுதியது:

தம்பி, பள்ளிப் போட்டிகளில் இன்னும் இருக்கிறது. ஊர்க் களத்தில்தான் அருகிவிட்டது. இப்போது மரச்சட்டம் இல்லை, இலேசான உலோகச் சட்டத்தில் வருகிறது. என்னிடம் ஆறு பேட் சும்மா தொங்குகின்றன. ஒரு டஜன் பந்தும் இருக்கிறது, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். யாராவது ஒரு தரையைக் காட்டினால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

குடமுருட்டிக்கரை அம்மா, கழி என்ன ஆயிற்று?

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

சித்திரைப் பிறப்புக்கு ஊருக்கு வந்தேன். அம்மா அதுவரை அளக்கவில்லை, “நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்று வைத்திருந்தார். தையல் நாடாவைக் கொண்டுவந்து திண்ணையில் கழியைக் கிடத்தி, பூணில் நாடாவின் முனையை நான் பிடித்துக்கொள்ள, அம்மா அளந்தார்.

கீழ் வெட்டு 183. மேல் வெட்டு 185.

---

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் எழுதியது:

அதேதான். வலையின் நடு உயரம் 183, கம்பத்தில் 185. சட்டப்படி அளவு. வலை கட்டினால் நடுவில் தொய்யும், அந்த இரண்டு சென்டிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டாவது வெட்டு. பல பள்ளிகளில் கையைத் தூக்கிப் பார்த்து உத்தேசமாகக் கட்டிவிடுவோம். நானும் அப்படிக் கட்டியிருக்கிறேன். உங்கள் தாத்தா கட்டவில்லை. பூண் போட்டது அடி தேய்ந்து அளவு குறையாமல் இருக்க.

---

அக்கரைச்சீமை எழுதியது:

அவர் கழியை நட்டுவைத்து, தரையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நாங்கள் கம்பத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் மட்டம் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

நேற்றுச் சாயங்காலம் நானும் அம்மாவும் களத்துமேட்டுக்குப் போனோம். அறுவடை எந்திரம் வந்த பிறகு அங்கே போரடிப்பதே இல்லை. நெல்லை ரோட்டில்தான் காயவைக்கிறார்கள். களத்தில் பாதி சீமைக்கருவை. மீதிப் பாதி பரவாயில்லை, தட்டினால் தரை ஆகும். அம்மா காலால் அடி வைத்து நீளத்தை அளந்தார். கோடு எங்கே ஓடும், பந்து எந்த மூலையில் அதிகம் வெளியே போகும் என்று எனக்குக் காட்டினார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பி.டி. ஐயா, தரை இருக்கிறது. பேட்டோடு வாருங்கள், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கமலாலயக்கரை அக்கா, நடு இடத்துக்கு ஆள் வேண்டும், நீங்களும் கட்டாயம் வர வேண்டும். சித்தியிடமும் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கருவை வெட்ட ஊரில் நான்கு பையன்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். டெல்டாபையன் தம்பி, நீயும் வந்தால் ஐந்து.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தாத்தாவின் பேட்டுக்கு நரம்பு கட்டத் தஞ்சாவூரில் ஆள் இருக்கிறாரா என்று நேற்று ராத்திரி அவராகவே கேட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைதான் இல்லை, பழையதை எலி கடித்துவிட்டது. அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் யாராவது பழைய மீன் வலை கிடைக்குமா என்று விசாரித்துச் சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஜூன் 12-க்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது.